ஆடிக்காற்றும் ஏர் ஃபில்டரும்

புது பைக் வாங்கும்போது தரும் கையேட்டில், என்ஜினுக்குள் போகும் காற்றைச் சலிக்கும் ஏர் ஃபில்டரை எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். வண்டிக்கு வண்டி அது மாறும். நான் புரட்டிய 100, 150 சிசி வண்டிகளின் கையேடுகளில் பெரும்பாலும் 12,000 முதல் 16,000 கிலோமீட்டருக்குள் இருந்தது. அந்த எண்ணின் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். கீழே சின்ன எழுத்தில் அதற்கு விளக்கம்: தூசி அதிகமுள்ள பகுதிகளில் ஓட்டினால் இதற்கு முன்பே மாற்றவும். கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர் பக்கம் பைக் ஓட்டுகிறவர்கள் படிக்க வேண்டியது அந்தச் சின்ன எழுத்தைத்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

முதல் காரணம் காற்று. வைகாசி பாதிக்கு மேல் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று இறங்க ஆரம்பித்தால் ஆவணி வரைக்கும் ஓயாது. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவில் மலை விட்டுப்போன அந்த இடைவெளியில் நுழைந்து பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம் என்று விரியும். இந்தப் பக்கம் இத்தனை காற்றாலைகள் நிற்பதே அதனால்தான். அதே காற்று கேரளத்தில் மழையைக் கொட்டிவிட்டு வருகிறது. மலையை ஒட்டிய ஊர்களைத் தாண்டிவிட்டால் நமக்குக் கிடைப்பது சாரலும் வெறுங்காற்றும். நமக்கான மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். ஆக, ஆனியிலும் ஆடியிலும் காடு காய்ந்து கிடக்கிறது, உழுது போட்ட புழுதி மேலாக்கக் கிடக்கிறது, அதன் மேல் காற்று நாள் முழுக்க அடிக்கிறது. செம்மண் காட்டு ஓரமாக வண்டியை ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டு வந்தால் சீட்டில் விரலால் பெயர் எழுதலாம். அந்தப் புழுதியைத்தான் என்ஜினும் இழுக்கிறது.

நான் வேலை பார்ப்பது பல்லடம் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில், மெயின்டனன்ஸில். அங்கே பஞ்சை உதிர்க்கும் புளோரூமிலும் சிக்கெடுக்கும் கார்டிங்கிலும் பஞ்சு பறந்துகொண்டே இருக்கும். அந்தக் காற்றை உறிஞ்சி, பஞ்சையும் தூசியையும் பிரித்து, ஈரம் சேர்த்துத் திரும்ப உள்ளே அனுப்புவது ஹியூமிடிபிகேஷன் பிளாண்ட். ஃபில்டருக்கு முன்னால் காற்றழுத்தம் எவ்வளவு, பின்னால் எவ்வளவு, இரண்டுக்கும் வித்தியாசம் என்ன என்று காட்ட ஒரு மீட்டர் வைத்திருப்போம். வித்தியாசம் ஏறினால் ஃபில்டர் அடைத்துக்கொண்டு வருகிறது என்று பொருள். தூசி அதிகமான பஞ்சு ஓடினால் சீக்கிரம் ஏறும், சுத்தமான பஞ்சு ஓடினால் மெதுவாக ஏறும். தேதியைப் பார்த்து யாரும் அதைக் கழற்றுவதில்லை, மீட்டரைப் பார்த்துத்தான் கழற்றுவோம். பைக்கில் அப்படி ஒரு மீட்டர் வைத்துத் தரவில்லை. அதனால் நாம்தான் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். அதற்கு மெக்கானிக் ஷாப்புக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை, வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை.

அந்தச் சின்ன பேப்பர் துண்டு எவ்வளவு காற்றைச் சலிக்கிறது என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். பெட்ரோல் சரியாக எரிய, எடைக்கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோவை ஒட்டி வரும். அப்படியானால் அதற்குத் தேவை ஏறக்குறைய 11 கிலோ காற்று, அதாவது 9,000 லிட்டருக்கும் மேல். லிட்டருக்கு 60 கிலோமீட்டர் தரும் வண்டி 12,000 கிலோமீட்டர் ஓடினால் 200 லிட்டர் பெட்ரோல் எரித்திருக்கும், 18 லட்சம் லிட்டர் காற்றைக் குடித்திருக்கும். அத்தனையும் உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய ஒரு ஃபில்டர் வழியாகப் போயிருக்கிறது.

மண் தூசியில் பெரும்பங்கு சிலிக்கா, மணலில் இருக்கும் அதே சரக்கு. இரும்பை விடக் கடினமானது. பிஸ்டன் ரிங்குக்கும் போருக்கும் (சிலிண்டரின் உள்சுவர்) நடுவில் இருக்கும் எண்ணெய்ப் படலம் சில மைக்ரான் தடிமன்தான். நம் தலைமுடி ஏறக்குறைய 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால் அது எவ்வளவு மெல்லியது என்று தெரியும். அந்தப் படலத்தை விடக் கொஞ்சம் பெரிய துகள், 5 முதல் 20 மைக்ரான் வரை உள்ளது, உள்ளே போய்விட்டால் ரிங்கையும் போரையும் ஒருசேரத் தேய்க்கும். கண்ணுக்குத் தெரிகிற மணல் துணுக்கை ஃபில்டர் எப்படியும் நிறுத்திவிடும். கவலைப்பட வேண்டியது கண்ணுக்குத் தெரியாத இந்தப் பொடிக்குத்தான். ஓரளவு தேய்ந்ததும் வண்டி எண்ணெய் குடிக்க ஆரம்பிக்கும், சைலன்ஸரில் நீலப் புகை வரும், அப்புறம் போர் வேலை, பிஸ்டன் மாற்றுவது என்று ஆயிரக்கணக்கில் போகும். 200 ரூபாயை ஒட்டிய ஒரு பொருளைத் தள்ளிப் போட்டதற்கு அந்தச் செலவு.

நம் பக்கத்தில் தூசி என்றாலே ஒரே தூசி கிடையாது. எங்கள் மில்லுக்கு எதிரில் ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணன் கழற்றிப் போட்ட ஃபில்டரைக் கையில் எடுத்துப் பார்த்தே வண்டி எந்த ஊர்ப் பக்கம் ஓடுகிறது என்று சொல்லிவிடுவார். "இது சோமனூருங்க, தறிக்குடோன் வாசல்ல நிக்கிற வண்டி" என்பார். விசைத்தறி, பனியன் கம்பெனி பக்கம் ஓடும் வண்டியில் ஃபில்டரின் முகத்தில் பஞ்சு ஒரு மெத்தையாகப் படிந்திருக்கும். நகத்தால் ஓரத்தைக் கிளப்பினால் முழுசாகப் பாய் போல உரிந்து வரும். பார்க்கப் பயமாக இருந்தாலும் இது அவ்வளவு மோசமில்லை. பஞ்சு இழை பேப்பரின் மேலேயே நின்றுவிடும், உள்ளே போகாது. என்ன, காற்று வரும் வழியைச் சீக்கிரம் அடைத்துவிடும்.

பொள்ளாச்சி, ஆனைமலை பக்கம் மஞ்சி மில்களை ஒட்டி ஓடும் வண்டிகளில் தேங்காய் நார்த்தூள் பழுப்பாக மடிப்புகளுக்குள் இறங்கியிருக்கும். மழை நாளில் அது ஈரத்தை உறிஞ்சி ஊதிக்கொள்ளும். காங்கேயம் பக்கம் அரிசி மில்கள். உமி, தவிட்டுத் தூசி பரவாயில்லை, உமியை எரித்த சாம்பல்தான் பொல்லாதது. அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. கோயமுத்தூர் ஃபவுண்டரிகளின் மோல்டிங் மணலும் அதே கதைதான். எல்லாவற்றையும் விடக் கொடியது கிரஷர் தூசி. காரணம்பேட்டை சுற்றுவட்டாரத்திலோ மதுக்கரை பக்கமோ ஜல்லி, எம் சாண்ட் ஏற்றிய டிப்பர் லாரிக்குப் பின்னால் ஒரு கிலோமீட்டர் போனவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கல்லை உடைக்கும்போது வரும் துகளுக்கு முனைகள் கூர்மையாக இருக்கும், காற்றிலும் மண்ணிலும் உருண்டு மழுங்கியிருக்காது. ஃபில்டரில் அது சாம்பல் நிறத்தில் மடிப்புக்கு மடிப்பு மாவாக நிரம்பியிருக்கும்.

என் அக்கா மகன் அந்த ஏரியாவில் ஒரு குவாரியின் எடை மேடையில் வேலை பார்க்கிறான். ஸ்பிளெண்டர் வைத்திருக்கிறான், காற்றையும் பெட்ரோலையும் கலந்து தரும் கார்புரேட்டர் உள்ள வண்டி. வண்டி இழுக்கவில்லை, மேட்டில் மூன்றாவது கியருக்கு இறக்க வேண்டியிருக்கிறது என்று போனில் சொன்னான். ஃபில்டரைப் பார்த்தாயா என்று கேட்டேன். "கையேட்டுல போட்டிருக்கிறதுல பாதி கூட இன்னும் ஓடலீங் மாமா" என்றான். அந்த ஞாயிற்றுக்கிழமை அவனையே வரச்சொல்லி, அவன் கையாலேயே கழற்ற வைத்தேன். கையேட்டில் பாதி என்பது சராசரிச் சாலைக்குச் சொன்ன கணக்கில் பாதி. அவன் போய் வரும் சாலையோ கிரஷர் சாலை.

ஃபில்டர் அடைத்தால் என்ன நடக்கும் என்பதில் பழைய வண்டிக்கும் புது வண்டிக்கும் வித்தியாசம் உண்டு. கார்புரேட்டரில் காற்று வரத்துக் குறைந்தால் உள்ளே உறிஞ்சல் அதிகமாகி, தேவைக்கு மேல் பெட்ரோல் வரும். பாதி சோக்கை இழுத்துவிட்டபடியே ஓட்டுவது மாதிரி இது. மைலேஜ் குறையும், பிக்கப் குறையும், புகை கருக்கும், பிளக்கைக் கழற்றினால் முனை விளக்குக் கரி பிடித்ததாட்டம் காய்ந்த கறுப்பாக இருக்கும். பலர் இந்த இடத்தில் கார்புரேட்டர் டியூனிங்கைக் கை வைப்பார்கள். காற்றின் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஏர் ஸ்க்ரூவைத் திருப்பி அன்றைக்குச் சரிபண்ணி விடலாம்தான். ஆனால் அடுத்து ஃபில்டரை மாற்றியதும் அந்த செட்டிங் தப்பாகிவிடும். ஃபில்டரைப் பார்த்த பிறகுதான் டியூனிங்கைப் பார்க்க வேண்டும்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ் 6 (புகை வரம்பு விதி) பைக்குகள் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டர் இல்லை, பெட்ரோலைக் கணக்குப் பார்த்துப் பீய்ச்சும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன். சென்சார்கள் காற்றழுத்தத்தைப் பார்த்து அதற்கேற்பப் பெட்ரோலையும் குறைத்துவிடும். அதனால் ஃபில்டர் அடைத்திருப்பது மைலேஜில் தெரியாமலே போகலாம். அமெரிக்காவில் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் கார்களை வைத்து இதைச் சோதித்து 2009-இல் அறிக்கை வெளியிட்டது. இன்ஜெக்‌ஷன் கார்களில் ஃபில்டர் அடைத்தாலும் மைலேஜ் பெரிதாக மாறவில்லை, வேகம் எடுப்பதுதான் தாமதமானது. பழைய கார்புரேட்டர் கார்களுக்கு ஃபில்டர் மாற்றுவதால் சாதாரணமாக 2 முதல் 6 சதவீதம் வரை மைலேஜ் கூடலாம் என்பதுதான் இப்போது சொல்லப்படும் கணக்கு. பைக்குக்கு இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், ஆனால் நடக்கிற விதம் ஒன்றுதான். மைலேஜ் நன்றாகத்தானே கொடுக்கிறது என்று பிஎஸ் 6 வண்டிக்காரர்கள் பெட்டியைத் திறக்காமல் இருப்பதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

சரி, வேலைக்கு வருவோம்.

ஃபில்டர் இருக்கும் இடம் வண்டிக்கு வண்டி மாறும். சிலவற்றில் சைடு கவருக்குப் பின்னால், சிலவற்றில் சீட்டுக்குக் கீழே, சில பைக்குகளில் டேங்கையே தூக்க வேண்டியிருக்கும். கையேட்டில் படம் இருக்கும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். டேங்கைத் தூக்க வேண்டிய வண்டி என்றால் முதல் தடவை தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்வது நல்லது. சாதாரண பைக்குக்கு ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், 8, 10 ஸ்பேனர், பழைய பெயின்ட் பிரஷ், துடைக்கத் துணி இவ்வளவு போதும். துணிக்கு நம் ஊரில் பஞ்சமா? பனியன் வேஸ்ட் கிலோக் கணக்கில் கிடைக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை: பனியன் வேஸ்டில் நூல் உதிரும். வெளிப்பக்கம் துடைக்க அது சரி, பெட்டியின் உள்பக்கத்துக்கு உதிராத பழைய வேட்டித் துணியை நனைத்துப் பிழிந்து வைத்துக்கொள்ளுங்கள். காற்று அடிக்கிற இடத்தில் உட்காராதீர்கள். ஆடியில் வாசலில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தால் உள்ளே மண்ணைத் தூவுகிற கணக்காகிவிடும். போர்டிகோவிலோ தாழ்வாரத்திலோ வைத்துச் செய்யுங்கள்.

சைடு கவரை எடுத்ததும் உடனே பெட்டியைத் திறக்கக் கூடாது. பெட்டியின் மூடியைச் சுற்றி, ஸ்க்ரூத் தலைகளில், விளிம்புப் பள்ளத்தில் எல்லாம் மண் அப்பியிருக்கும். திறந்ததும் அது நேராக உள்ளே விழும். முதலில் பிரஷால் தட்டி, ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். இதற்கு ஐந்து நிமிஷம் ஆகும். ஷாப்பில் வேலை நெருக்கடியில் பெரும்பாலும் விட்டுப்போவது இந்த ஐந்து நிமிஷம்தான். வீட்டில் செய்யச் சொல்வதற்கு என்னுடைய முக்கியமான காரணமும் அதுவே. கூலி மிச்சமாவது எனக்கு அப்புறம்தான்.

ஸ்க்ரூக்கள் பிளாஸ்டிக் மரையில் ஏறியிருக்கும். ஸ்க்ரூடிரைவரை நன்றாக அழுத்திப் பிடித்துத் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் தலை மழுங்கிவிடும். எந்த ஸ்க்ரூ எந்த ஓட்டையில் இருந்தது என்பதை வரிசையாக அட்டையில் குத்தி வைத்தால் குழப்பம் வராது. சில வண்டிகளில் நீளம் மாறும். மூடியைக் கழற்றியதும் ஃபில்டர் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது என்று போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, அசைக்காமல், தட்டாமல் மெதுவாக வெளியே எடுங்கள்.

அக்கா மகன் எடுத்தபோது மடிப்புகள் தெரியவே இல்லை. புது ஃபில்டரில் வரிவரியாக நிற்கும் பேப்பர் மடிப்பு முழுக்கச் சாம்பல் பொடி நிரம்பி, கரண்டியால் வழித்துச் சமன்படுத்திய மாதிரி இருந்தது. ஒரு ஓரத்தில் விரலால் கிளறியதும் பொடி உதிர்ந்து கீழே பழுப்பாகப் பேப்பர் தெரிந்தது. "உள்ள பூரா மாவுங் மாமா" என்றான். எனக்கு அதை விட முக்கியம் பெட்டியின் இன்னொரு பக்கம்.

ஏர் பாக்ஸுக்கு இரண்டு அறைகள். வெளிக்காற்று வந்து சேர்வது அழுக்கு அறை. ஃபில்டரைத் தாண்டி கார்புரேட்டருக்கோ, இன்ஜெக்ஷன் வண்டியானால் த்ராட்டில் பாடிக்கோ போவது சுத்த அறை. அழுக்கு அறையில் எவ்வளவு மண் இருந்தாலும் கவலையில்லை, அது ஃபில்டர் வேலை செய்கிறது என்பதற்குச் சாட்சி. சுத்த அறைக்குள் விரலை விட்டு ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். விரலில் லேசாக எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டலாம், என்ஜினுக்குள் சேரும் காற்றை வெளியேற்றும் பிரீதர் டியூப் இந்தப் பெட்டிக்குள்தான் வந்து சேர்கிறது. ஆனால் விரலில் மணல் நறநறக்கக் கூடாது. நறநறத்தால் ஃபில்டரைத் தாண்டி மண் போய்க்கொண்டிருக்கிறது. அக்கா மகன் வண்டியில் விரல் நறநறத்தது. தேடிப் பார்த்ததில் காரணம் தெரிந்தது: முந்தைய சர்வீஸில் யாரோ மூடியின் ஒரு மூலை ஸ்க்ரூவைப் போடாமல் விட்டிருக்கிறார்கள். அந்த மூலையில் ஃபில்டரின் விளிம்பு அழுந்தவில்லை. அங்கிருந்து சுத்த அறைக்குள் ஒரு சாம்பல் கோடு நீளமாகப் போயிருந்தது.

ஃபில்டர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் விளிம்பு உட்காராவிட்டால் பிரயோஜனம் கிடையாது. அடைத்த பேப்பருக்குள் நுழைவதை விட ஓரத்துச் சந்தில் நுழைவது காற்றுக்குச் சுலபம். ஃபில்டர் அடைக்க அடைக்கச் சந்து வழியாகப் போகும் காற்று கூடிக்கொண்டே போகும். அதனால் பெட்டியையும் கார்புரேட்டரையும் இணைக்கும் ரப்பரையும் கையோடு பார்த்துவிடுங்கள். வெயிலில் அது வெடித்திருக்கலாம், கிளாம்ப் தளர்ந்திருக்கலாம். ஃபில்டருக்குப் பின்னால் ஒரு சின்ன வெடிப்பு இருந்தாலும் அதன் வழியாகப் போகும் காற்றைச் சலிப்பதற்கு எதுவுமே இல்லை.

சுத்த அறையைத் துடைக்கும்போது என்ஜினுக்குப் போகும் வாயில் ஒரு துணியைச் சுருட்டி அடைத்துக்கொள்ளுங்கள், முடிந்ததும் மறக்காமல் எடுத்துவிடுங்கள். பெட்டிக்கு அடியில் முனை மூடிய ஒரு சின்ன ரப்பர் டியூப், கிளிப் போட்டுத் தொங்கும். தண்ணீரும் எண்ணெயும் அதில் வந்து சேரும். கழற்றி வடித்துவிட்டு மறுபடி மாட்டுங்கள். மாட்டாமல் விட்டால் அதுவும் மண் போக ஒரு வழி. அந்த டியூபில் எண்ணெய் நிறைய இருந்தால், ஃபில்டரும் எண்ணெயில் நனைந்திருந்தால், என்ஜின் ஆயில் அளவுக்கு மேல் ஊற்றியிருக்கலாம், அல்லது ரிங் தேய்ந்து உள்ளழுத்தம் மேலே வரலாம். இரண்டில் எது என்று மெக்கானிக்கிடம்தான் காட்ட வேண்டும்.

இப்போது எல்லோரும் கேட்கும் கேள்வி. பழையதை ஏர் அடித்துவிட்டு அதையே போட்டால் என்ன? பஞ்சர் கடையிலும் வாட்டர் வாஷ் கடையிலும் ஏர் கன் இருக்கிறது, ஒரு நிமிஷத்தில் புதுசு மாதிரி ஆகிவிடுகிறது. இதில் எனக்குச் சமரசமே கிடையாது.

ஹீரோ, ஹோண்டா வண்டிகள் பலவற்றில் இப்போது வருவது எண்ணெய் தோய்த்த பேப்பர் ஃபில்டர். புதுசைத் தொட்டாலே விரல் பிசுபிசுக்கும். பொடித் தூசியைப் பிடித்து வைப்பதே அந்தப் பிசுக்குதான். ஏர் அடித்தால் மேலே இருக்கும் மண் போகும், எண்ணெயும் கலைந்து போகும், பேப்பரின் இழைகளும் விலகிவிடும். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும், வண்டியும் இழுக்கும். இழைகள் விலகிய ஃபில்டரில் காற்று தாராளமாகப் போகத்தான் செய்யும், கூடவே பொடியும் போகும். இந்த வகையைச் சுத்தம் செய்யவே கூடாது, மாற்றத்தான் வேண்டும் என்று கையேட்டிலேயே போட்டிருப்பார்கள். எண்ணெய் இல்லாத உலர்ந்த பேப்பர் என்றால், நடுவில் ஒருமுறை குறைந்த அழுத்தத்தில், சுத்தப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, தள்ளி நின்று ஊதலாம். வெளியிலிருந்து உள்ளே ஊதினால் தூசியை நாமே பேப்பருக்குள் ஏற்றுகிறோம்.

பழைய மாடல்களில் ஸ்பாஞ்ச் ஃபில்டர் உண்டு. அதைக் கழுவலாம். முன்பெல்லாம் ரேஷன் மண்ணெண்ணெயில் அலசுவார்கள். இப்போது அது கிடைப்பதே கஷ்டம், சோப்புத் தண்ணீர் போதும். பெட்ரோலில் அலசாதீர்கள், தீ ஆபத்து. துணி பிழிகிற மாதிரி முறுக்கினால் கிழியும், இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து அமுக்கித்தான் பிழிய வேண்டும். நிழலில் முழுசாகக் காய்ந்த பிறகு கையேட்டில் சொன்ன ஆயிலில் முக்கி, மிச்சத்தை அமுக்கி எடுத்துவிட்டு மாட்டுங்கள். ஆயில் போடாத ஸ்பாஞ்ச் பொடித் தூசியை நிறுத்தாது.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. வாரா வாரம் பெட்டியைத் திறந்து பார்ப்பதும் நல்லதில்லை. ஓரளவு தூசி படிந்த ஃபில்டர் புது ஃபில்டரை விட நுணுக்கமாகச் சலிக்கும். மேலே படிந்த தூசியே இன்னொரு சல்லடை ஆகிவிடுகிறது. எங்கள் மில் ஃபில்டரிலும் இதைக் கண்ணால் பார்க்கலாம். திறக்கிற ஒவ்வொரு தடவையும் விளிம்பு அசைகிறது, கொஞ்சம் மண் உள்ளே விழுகிறது. ஃபில்டரையே எடுத்துவிட்டு ஓட்டினால் வண்டி பறக்கும் என்று சொல்லும் பையன்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். காற்று மிஞ்சி, பெட்ரோல் கலவை மெலிந்து, என்ஜின் சூடேறும். நம் ஊர்த் தூசிக்கு அது ஒரு கோடைகூடத் தாங்காது.

புது ஃபில்டர் வாங்கும்போது கம்பெனி ஸ்பேர்ஸ் விற்கும் கடையில் வாங்குங்கள். பில் கேட்டு வாங்குங்கள். கையில் எடுத்ததும் விளிம்பு ரப்பரை அமுக்கிப் பாருங்கள், மெத்தென்று இருக்க வேண்டும். போலிச் சரக்கில் அது விறைப்பாக இருக்கும். மடிப்புகள் ஒரே அளவில் நெருக்கமாக நிற்கின்றனவா, பேப்பரும் பிளாஸ்டிக்கும் சேரும் இடத்தில் பசை விடுபட்டிருக்கிறதா என்று வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். ஊசி முனை அளவு வெளிச்சம் ஓரத்தில் தெரிந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மாட்டும்போது விளிம்பு முழுதும் பள்ளத்தில் உட்கார்ந்ததா என்று விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள். அப்புறம் மூடி. ஸ்க்ரூக்களை முதலில் எல்லாவற்றையும் கையால் ஏற்றிவிட்டு, எதிரெதிர் மூலையாக மாற்றி மாற்றி இறுக்குங்கள். பலத்தைக் காட்டினால் பிளாஸ்டிக் மரை போய்விடும், போனால் அந்த மூலை இனி உட்காராது. முடிந்ததும் வண்டியை ஸ்டார்ட் செய்து ஐடிலில் விட்டு, காற்று உள்ளே போகும் வாயை உள்ளங்கையால் மூடுங்கள். என்ஜின் திணறி நிற்கப் பார்த்தால் பெரிய சந்து எதுவும் இல்லை. எதுவும் நடக்காத மாதிரி ஓடிக்கொண்டிருந்தால் காற்று வேறு எங்கிருந்தோ வருகிறது, மறுபடி திறந்து பாருங்கள். எல்லா வண்டியிலும் அந்த வாய் கைக்கு எட்டாது, எட்டுகிற வண்டியில் இது சுலபமான சோதனை.

ஸ்கூட்டர்களிலும் இதே வேலைதான். பெரும்பாலும் இடது பக்கம் பின் சக்கரத்தை ஒட்டி மேலே இருக்கும் கறுப்புப் பெட்டி. ஸ்க்ரூக்கள் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். தரையை ஒட்டி ஓடுவதாலும் சக்கரத்தின் பக்கத்திலேயே இருப்பதாலும் பைக்கை விட அதிகம் புழுதி சாப்பிடும். வாட்டர் வாஷ் விடும்போது காற்று போகும் வாய்க்கு நேராகத் தண்ணீர் பீய்ச்ச வேண்டாம் என்று கடைப் பையனிடம் சொல்லிவிடுங்கள். நனைந்த பேப்பர் அப்படியே போனது போனதுதான்.

எப்போது மாற்றுவது என்றால் நான் வைத்திருக்கும் கணக்கு இது. ஆடிக்காற்று ஓய்ந்து ஐப்பசி மழை பிடிப்பதற்கு நடுவில் புரட்டாசி. எப்படியும் ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைக்கத்தான் போகிறோம், அந்த வாரத்தில் பெட்டியைத் திறந்தால் அந்த வருஷத்துப் புழுதி முழுக்க ஃபில்டரில் வந்து சேர்ந்திருக்கும். தார்ச்சாலையில் மட்டும் போய்வரும் வண்டிக்கு அப்போது பார்த்துவிட்டு, கையேட்டு எண்ணுக்கு விடலாம். மண்பாதை, தோட்டத்து வழி, தறிக்குடோன் என்றால் புரட்டாசிக்குப் புரட்டாசி மாற்றிவிடுவது என் வழக்கம். மீட்டர் எண்ணையும் மாதத்தையும் சைடு கவரின் உள்பக்கம் மார்க்கரால் எழுதி வைத்தால் அடுத்து திறக்கிறவருக்கும் உதவும். அக்கா மகனின் வண்டியில் விடுபட்ட ஸ்க்ரூவையும் போட்டு, எழுதியும் வைத்தாயிற்று. அவனுக்கு மட்டும் புரட்டாசியோடு மாசியிலும் ஒரு மாற்று என்று முடிவு செய்திருக்கிறோம். குவாரி வேலையை விட்டு ஊருக்குள் வந்துவிட்டால் கையேட்டுக் கணக்குக்கே திரும்பிக்கொள்ளலாம்.